ஈரக்குலை நடுங்கும் இடம்

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்குப் போகிறவர்கள், உடம்பெல்லாம் எண்ணெயோடு வரிசையில் நகர்ந்து, தண்ணீருக்கு ஓரடி முன்னால் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். அண்ணாந்து பார்ப்பார்கள். பொங்குமாங்கடலில் விழுந்து எகிறி வருகிற தண்ணீர் அது. தலையைக் கொடுத்ததும் மூச்சு திக்கென்று நிற்கும், நெஞ்சு படபடக்கும், மயிர் சிலிர்க்கும். வெளியே வந்து ‘அட்ரினலின் ஏறிட்டுல்லா’ என்பார்கள் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் பாட்டியாக இருந்தால், ‘ஈரக்குலையே நடுங்கிட்டு’ என்றிருப்பாள்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன. லத்தீனில் ‘அட்’ என்றால் அருகில், ‘ரென்’ என்றால் சிறுநீரகம். சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி வைத்தாற்போல ஆளுக்கொரு சுரப்பி. ஒவ்வொன்றும் சுமார் 5 கிராம். வலப்பக்கத்துச் சுரப்பி கல்லீரலை ஒட்டியே கிடக்கிறது. அட்ரினலின் சுரந்ததும், அந்த ஈரல் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்புக்கு அதுதான் எரிபொருள்.

அமெரிக்காவில் இதே பொருளுக்கு எபிநெப்ரின் என்று பெயர். மருந்தியலாளர் ஜான் ஜேக்கப் ஏபெல் 1897-இல் கிரேக்கத்திலிருந்து எடுத்தது: ‘எபி’ மேலே, ‘நெப்ரோஸ்’ சிறுநீரகம். ஆனால் அந்தப் பொருளைத் தூய படிகமாகப் பிரித்தவர்கள் நியூயார்க்கில் இருந்த ஜப்பானியர்கள் ஜோகிச்சி தகாமினேயும் அவர் உதவியாளர் கெய்சோ உவெனகாவும், ஆண்டு 1900. பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனம் ‘அட்ரினலின்’ என்பதை வணிகப் பெயராக்கிக்கொள்ள, அமெரிக்க மருத்துவ உலகம் பொதுப்பெயராக ஏபெலின் சொல்லைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனும் நாமும் அட்ரினலினோடு நின்றுவிட்டோம்.

அட்ரினலினைச் சுரக்கும் அந்தச் சுரப்பிக்குத் தமிழில் அண்ணீரகம் என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல். அண்மை, அண்டை என்பவற்றில் ‘அண்’ அருகாமை. அண்ணாந்து, அண்ணம் என்பவற்றில் அதுவே மேல்பக்கம். லத்தீன்காரர் சொன்னதும் கிரேக்கர் சொன்னதும் ஓரெழுத்தும் மிகாமல் ஒரே அசைக்குள் அடங்கிவிடுகின்றன.

மலையடிவாரத்துத் தோப்பில் கடந்தை கொட்டி, ஒவ்வாமையால் தொண்டை வீங்கி மூச்சுத் திணறுகிறவருக்கு உயிர்மருந்தும் இதே அட்ரினலின்தான். விரல் நுனி அளவு ஆம்பியூலில் 1 மில்லி. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்பதால் பழுப்புக் கண்ணாடி. பெரியவர்களுக்கு அதில் பாதியைத் தொடைத் தசையில் போடுகிறார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீராகத் தொடங்கும். ‘நெஞ்சு படபடன்னு அடிக்கு, கை நடுங்குது’ என்பார் அவர், இப்போதுதான் அருவியிலிருந்து இறங்கி வந்தவரைப் போல.