தையில் வாருங்கள், சேக்காட்டுக்கு

"எப்போ வந்தா வெயில் இல்லாம இருக்கும், அத்தை?" சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆவடியை அடுத்த சேக்காட்டு வீடுகளுக்கு வரும் போன்களில் இந்தக் கேள்வி தவறுவதில்லை. கேட்பவர்களுக்கு லீவு கிடைப்பதோ ஜூனில், இல்லாவிட்டால் டிசம்பரில். இரண்டுமே சேக்காட்டுக்குத் தோதான மாதங்கள் அல்ல.

கத்திரி மே 28 வாக்கில் கழிந்துவிடும்; வெயில் கழியாது. சென்னையில் 45 டிகிரி பதிவானதே 2003 மே 31 அன்றுதான். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வறண்டு இறங்கும் மேல்காற்று, ஜூனில் நம் பக்கம் அனலாக வீசுகிறது. மெரினாவுக்குக் கடற்காற்று நண்பகலிலேயே வந்துவிடும். சேக்காடு கடலிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. மேல்காற்று வலுத்த நாளில் அந்தக் குளிர்ச்சி இங்கே எட்ட மாலையாகிவிடும். சில நாள் எட்டுவதே இல்லை. கடலுக்குப் பக்கமான நுங்கம்பாக்கத்து வெப்பநிலையைச் செய்தியில் பார்த்துவிட்டுக் கைக்குழந்தையோடு ஆவடிக்குக் கிளம்பி வராதீர்கள்.

அதே மேற்குதான் மழையையும் அனுப்புகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை, பகல் சூட்டில் கிளம்பும் இடிமேகங்கள் அரக்கோணம் பக்கம் திரண்டு, இருட்டும் நேரத்தில் கிழக்கே நகரும். கடற்கரையைத் தொடுமுன்பே திருவள்ளூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கொட்டித் தீர்க்கும் நாட்கள் உண்டு.

டிசம்பர் வேறு கதை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. 2015 பெருவெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் புயல் மூன்றுமே டிசம்பர் முதல் பாதியில் வந்தவை. 2015இல் விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. கச்சேரி கேட்க வருகிறவர்கள்கூட 15ஆம் தேதிக்குப் பிறகு டிக்கெட் போடுவது நல்லது.

பொங்கலிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான் என் தேர்வு. பகலில் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். இரவில் மின்விசிறியைக் குறைக்கச் சொல்வார்கள். நல்ல மழை பெய்த ஆண்டென்றால் ஏரிகளில் தண்ணீர் நிற்கும். பருத்திப்பட்டு ஏரியில் காலையில் நடந்தால் கூழைக்கடாக்களைப் பார்க்கலாம். பிள்ளைகளின் பள்ளியில் இரண்டு வாரம் லீவு கேட்டாவது அப்போது வாருங்கள்.

ஜூலையில்தான் முடியுமென்றால், கோயில், கடை வேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் மேற்கே கறுத்தால் மொட்டைமாடித் துணியை எடுத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே இருங்கள். அந்த மழைக்கு இடி அதிகம்.