டிகிரி முடித்த முதல் வருஷம்

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் வழியாகத் திருச்செங்கோடு போகும் பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு ஏறினால், பாதிப் பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். மல்லசமுத்திரம் மேற்கில் மகேந்திரா பொறியியல் கல்லூரி. திருச்செங்கோட்டுப் பக்கம் கே.எஸ்.ஆர். கல்லூரிகள்; எளையாம்பாளையத்தில் விவேகானந்தா மகளிர் கல்லூரிகள். கடைசி செமஸ்டர் முடிந்து அந்த அட்டையைக் கழற்றிய மறுவாரமே கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் விசாரிப்பு தொடங்கிவிடும்: "என்ன கண்ணு, எங்கயாச்சும் வேலை ஆச்சா?"

வேலைக்குப் பஞ்சமான வட்டாரம் அல்ல இது. மல்லசமுத்திரம் கூட்டுறவுச் சங்கக் கிளையில் பருத்தி ஏலம் நடக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. சங்ககிரியில் லாரி, நாமக்கல்லில் முட்டையும் லாரி பாடி கட்டுவதும், எங்கு திரும்பினாலும் விசைத்தறி. ஆள் போதாமல் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வருகிறார்கள். ஆனால் தறி ஓட்டியும் ரிக் வண்டிக்குப் போயும் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பம், அதே தறிக்கு அவனை அனுப்பவா ஃபீஸ் கட்டியது? இதைச் சோம்பேறித்தனம் என்று பேசுவது சுலபம், நியாயம் இல்லை.

படிப்பவர்கள் எண்ணிக்கையும் சாதாரணமல்ல. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுப் பிரிவில் கல்லூரிச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய அளவில் 28.4. பட்டதாரி இல்லாத தெரு இன்று இல்லை. அந்தப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் போய் நிற்பது இரண்டே வரிசைகளில்தான்.

முதல் வரிசை ஐ.டி. கம்பெனிகளின் கேம்பஸ் தேர்வு. 2021, 2022-ல் அள்ளி எடுத்த நிறுவனங்கள் அதன்பின் கையை இழுத்துக்கொண்டன. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்.ஸின் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது, இன்ஃபோசிஸில் 25,994. ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு, சேரும் தேதி வராமல் இரண்டு வருடம் காத்திருந்த 2022 பேட்ச்காரர்களும் உண்டு. ஆஃபர் லெட்டர் வேறு, வேலை வேறு. சேர்ந்து முதல் சம்பளம் ஏறும்வரை மற்ற முயற்சிகளை நிறுத்தாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது வரிசை அதைவிட நீளம். 2024-ல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை அறிவித்தபோது இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு 300 பேருக்கும் அதிகம். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அந்தத் தேர்வில் பொறியியல் பட்டதாரியும் உட்காருகிறார், எம்.எஸ்சி.யும் உட்காருகிறார். உட்காரட்டும், தவறில்லை. 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருவதால், தமிழ் வழியில் படித்த கிராமத்துப் பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பும்கூட. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்று, நான்கு வருடம் அதை மட்டுமே நம்பி உட்காருவதில்தான் சிக்கல். வயது வரம்பையும் பார்க்க வேண்டும். வங்கி கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 28, புரபேஷனரி ஆபீசருக்கு 30; பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும் பட்டியல் இனத்தவருக்கு 5 ஆண்டும் சலுகை. வங்கியும் வேண்டும், குரூப் தேர்வும் வேண்டும் என்பவர் வங்கித் தேர்வைத் தள்ளிப் போடக் கூடாது.

பெற்றோர் தலைமுறைக்கு இன்னொரு நம்பிக்கை: "எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சுட்டா கார்டு வரும்." ஒரு காலத்தில் வந்தது. பதிவு மூப்புப்படி அரசு அலுவலகங்களுக்குப் பெயர்ப் பட்டியல் போகும். வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிறுத்தாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து ஆள் எடுக்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்தக் கார்டின் பழைய மவுசு போய்விட்டது. அதற்காகப் பதியாமல் விட வேண்டாம். இணையத்திலேயே பதியலாம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிந்து ஐந்தாண்டு வேலை கிடைக்காத ஏழைப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. பொறியியல் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு அதுவும் கிடையாது! மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உண்மையில் பயனுள்ளவை வேறு இரண்டு: போட்டித் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் தன்னார்வ பயிலும் வட்டம், தனியார் நிறுவனங்களை அழைத்து நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்கள். முகாமுக்குக் கட்டணம் இல்லை.

கட்டணம் கேட்கும் இடத்தில்தான் விழிப்பு வேண்டும். "டெபாசிட் கட்டினால் போதும், பேக்டோரில் உள்ளே விட்டுவிடுவோம்" என்பவரும், ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்பவரும் வேலை தருபவர்கள் அல்லர். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைக்கப்பட்டார்கள். 2022-ல் அவர்களில் ஒரு பகுதியினர் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது.

இந்த ஊர்களில் அதிகம் பேசப்படாத மூன்றாவது வழி, அப்ரண்டிஸ். 1961-ல் வந்த சட்டம். 1973-ல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். ஓராண்டுப் பயிற்சி. 2019-ல் திருத்திய விதி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாய் நிர்ணயித்தது. அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்றவை இப்படி ஆள் எடுக்கின்றன. பி.காம்., பி.சி.ஏ. படித்தவர்களுக்கும் இடம் உண்டு. பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று அடுத்த கம்பெனி கேட்கும்போது காட்ட மத்திய அரசின் சான்றிதழ் ஒன்று கையில் இருக்கும். ஏற்கெனவே ஓராண்டு வேலை பார்த்துவிட்டவர் இதில் சேர முடியாது என்பதால், படிப்பு முடித்த கையோடு பதிய வேண்டியது இது.

உள்ளூரிலும் தேவை இருக்கிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு லாரி ஆபீசும் ஸ்பின்னிங் மில்லும் டாலி தெரிந்த, கணக்கைத் தானே முடிக்கத் தெரிந்த ஆளைத் தேடுகின்றன. தேடும்போது மூன்று வருட அனுபவம் கேட்கிறார்கள். அந்த முதல் அனுபவத்தைத் தர யாரும் தயாராக இல்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் முதலாளிகள் அந்தக் கணக்கில் ஆளுக்கு இரண்டு உள்ளூர்ப் பட்டதாரிகளையாவது இந்த ஆண்டே எடுத்துக்கொள்ள வேண்டும்.