புதுப் பந்தா, கடைசி ஓவரா?

ராயகிரியில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும் நாளில் மைதானத்தின் ஓரமாக நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். இருப்பதிலேயே நன்றாகப் பந்து போடும் பையன், ஆட்டத்தின் பெரும்பகுதி எல்லைக்கோட்டருகே சும்மா நின்றுகொண்டிருப்பான். எட்டு ஓவர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு ஓவர்தான். "ஏலே, ஒன்னையக் கடைசிக்கு வச்சிருக்கேன், அங்கனயே நில்லு" என்று கேப்டன் கையைக் காட்டிவிடுவார். ஆறாவது ஓவரில்தான் பந்து அவன் கைக்கு வரும், பிறகு எட்டாவதில். பேன்ட்டில் பந்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவான். மட்டை கீழே இறங்குவதற்குள் பந்து காலடியில் குத்தியிருக்கும். பன்னிரண்டு பந்து, எல்லாம் முழு மூச்சில். ஆட்டம் முடிந்தது, கோப்பையும் வந்தது.

கேப்டன் செய்ததில் தப்பே இல்லை. அன்றைக்கு ஜெயிக்க வேண்டும், ஜெயித்தாயிற்று. ஆனால் வாராவாரம் இப்படியே போனால் இருபது வயதில் அந்தப் பையன் 'கடைசி ஓவர்காரன்' ஆகிவிடுகிறான். பத்து ஓவர் தொடர்ந்து போட அவனால் முடியுமா என்பது அவனுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

நூறாண்டுக்கு மேலாக ஆடப்பட்டுவரும் அமெரிக்காவின் பேஸ்பால் இந்தக் கேள்வியை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு அணிக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பந்துவீச்சாளர்தான். ஆட்டத்தைத் தொடங்குபவரை 'ஸ்டார்ட்டர்' என்கிறார்கள். ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாறு இன்னிங்ஸ், ஏறக்குறைய தொண்ணூறு நூறு பந்துகள் வீசிவிட்டு அவர் வெளியேறுவார். வெளியேறியவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. பிறகு நான்கைந்து நாள் ஓய்வு. அவருக்குப் பின்னால் இறங்குபவர் 'ரிலீவர்'. பெரும்பாலும் ஒரே இன்னிங்ஸ், பதினைந்து இருபது பந்து, இருக்கிற வேகம் முழுவதையும் கொட்டிவிட்டுப் போய்விடலாம்.

இருவரையும் பிரிப்பது உடல் வலு மட்டும் இல்லை. எதிரணியில் ஒன்பது பேர் வரிசையாக மட்டை பிடிக்கிறார்கள். ரிலீவரை அவர்கள் ஒரு தடவைதான் பார்ப்பார்கள். ஸ்டார்ட்டரையோ இரண்டாவது சுற்றிலும் மூன்றாவது சுற்றிலும் பார்க்கிறார்கள். மூன்றாம் சுற்றில் அடி கூடுகிறது என்பது அந்த ஆட்டத்தில் கணக்கு போட்டுக் காட்டிய உண்மை. அதனால் ஸ்டார்ட்டர் கையில் குறைந்தது மூன்று வகைப் பந்தாவது இருக்க வேண்டும். ரிலீவருக்கு இரண்டு போதும், சில நேரம் ஒன்றே போதும். மரியானோ ரிவேரா 1995-இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காகப் பத்து ஆட்டங்களைத் தொடங்கினார், அடி வாங்கினார். கடைசி இன்னிங்ஸுக்கு மாற்றினார்கள். 'கட்டர்' என்ற ஒரே பந்தை நம்பி 652 ஆட்டங்களில் அணியின் முன்னிலையைக் காத்துக் கொடுத்து, 2019-இல் ஒரு வாக்குகூடக் குறையாமல் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார். கிறிஸ் சேல் இதற்கு நேர் எதிர். ரிலீவராக நுழைந்தவரை 2012-இல் ஸ்டார்ட்டர் ஆக்கினார்கள். ஒல்லிக்குச்சி உடம்பு தாங்குமா என்று பலரும் யோசித்தார்கள். 2024-இல், 35 வயதில், ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை வாங்கினார்.

நம் நாட்டுப் பையன்கள் இருவர் இந்த ஆட்டத்துக்குள் போய்வந்த கதையும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாக எறிந்து காட்டி, அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2009 ஜூலையில் அதன் கீழ்நிலை அணிக்காக ஆடினார்கள். இருவரையும் இடையில்தான் இறக்கினார்கள். 

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு முகம் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன். இருபது வயது வரை டென்னிஸ் பால்தான் ஆடினார். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கடை வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அண்ணன் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். நடராஜன் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று போட்டுக்கொண்டது அந்த நன்றிக்குத்தான். 2015 ஜனவரியில் ரஞ்சி அறிமுகம், வங்காளத்துக்கு எதிராக. அந்த ஆட்டத்திலேயே கை மடங்குகிறது என்று புகார் வந்தது. ஆக்‌ஷனையே மாற்ற வேண்டியதாயிற்று. நீண்ட ஆட்டத்தின் வாசலில் கால் வைத்தபோதே கதவு சாத்தப்பட்டதுபோல ஆனது.

திரும்பி வந்தது குட்டி ஆட்டத்தின் வழியாக. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதல்முறையாக நடந்தபோது, திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகவே இறக்கினார். அடுத்த ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி மூன்று கோடி கொடுத்தது. 2020 நவம்பர் 6 அன்று அபுதாபியில் 56 ரன்னோடு நின்ற டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கரைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மட்டையின் அடிநுனிக்கும் பூட்ஸுக்கும் நடுவே ஒரு பந்து அகல இடம். பந்து அதற்குள்தான் போனது. டென்னிஸ் பந்து மைதானத்தில் கற்ற வித்தை அது. அங்கே கொஞ்சம் குட்டையாகப் போட்டாலும் பந்து பறந்துவிடும் என்பதால் காலடியில் குத்தத் தெரியாதவனுக்குப் பிழைப்பே கிடையாது.

பிறகு ஆஸ்திரேலியா. வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போனவர், காயம்பட்ட வருண் சக்கரவர்த்திக்குப் பதிலாக டி20 அணிக்குள் வந்தார். டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் அறிமுகம், இரண்டு நாள் கழித்து டி20 அறிமுகம். அணியில் ஆளுக்காள் காயம் பட்டு விழ, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பியும் கிடைத்தது. ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான்.

அந்த டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் நவ்தீப் சைனி எட்டு ஓவர் முடிப்பதற்குள் காயத்தால் வெளியேறினார். அவர் சுமையும் மற்றவர்கள் தோளில் ஏறியது. நடராஜன் 24.2 ஓவர் வீசினார். அதாவது 146 பந்து. டி20 ஆட்டத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் 24 பந்துதான் என்பதால், ஆறு ஆட்டத்துக்கான பந்துகளை ஒரே இன்னிங்ஸில் வீசிவிட்டார். 78 ரன் கொடுத்து மூன்று விக்கெட். அதில் ஒன்று சதமடித்த லபுஷேன். யார்க்கர் மட்டும் தெரிந்தவரால் இதைச் செய்ய முடியாது. ஆளை நீண்ட ஆட்டத்துக்கு ஆகாதவர் என்று யாராவது முன்பு நினைத்திருந்தால், அந்த 146 பந்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அவருக்கு அதுதான் ஒரே டெஸ்ட். மார்ச் கடைசியில் புனேயில் சாம் கரனுக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன்னைக் காத்து இங்கிலாந்துத் தொடரை வென்று கொடுத்தார். ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு இந்திய அணியின் வெள்ளைச் சட்டை அவருக்கு வரவில்லை. ஐபிஎல்லில் கொடி பறந்தது: 2024-இல் 19 விக்கெட், அடுத்த ஏலத்தில் டெல்லி கொடுத்த விலை 10.75 கோடி. இருபத்தோரு வயதுக்கு முன்பே தோல் பந்தில் பத்துப் பதினைந்து ஓவர் போட்டுப் பழகிய உடம்போடு அவர் வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் மனசை விட்டுப் போக மறுக்கிறது.

இந்த எண்ணத்துக்கு ஆதாரம் இரண்டு பேர். ரவிச்சந்திரன் அஸ்வினை ஊர் முதலில் கவனித்தது மஞ்சள் சட்டையில். 2011 ஐபிஎல் இறுதி ஆட்டத்தில், சேப்பாக்கத்தில், புதுப் பந்தைக் கையில் வாங்கி முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலைப் பூஜ்யத்தில் அனுப்பினார். 'நாலு ஓவர் ஆள்' என்று பலர் முத்திரை குத்தினார்கள். அதே நவம்பரில் டெல்லியில் டெஸ்ட் அறிமுகம், ஒன்பது விக்கெட். ஓய்வு பெறும்போது 537 டெஸ்ட் விக்கெட். ஐபிஎல் வெளிச்சத்துக்குப் பின்னால் 2006-இல் தொடங்கிய ரஞ்சி ஆட்டங்கள் இருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. ஜஸ்பிரித் பும்ராவின் கதையும் அப்படித்தான். 2016-இல் ஒருநாள், டி20 ஆட்டங்களுக்கு வந்தவர், கேப்டவுனில் டெஸ்ட் ஆட 2018 வரை காத்திருந்தார். ஆனால் 2013-லிருந்து குஜராத்துக்காக ரஞ்சி ஆடி, அந்த அணி முதல்முறை கோப்பை வென்ற பருவத்திலும் பந்து வீசியவர். நீளமாகப் போட்டுப் பழகியவர் சுருக்கிக்கொள்வது எளிது. சுருக்கமாகவே வளர்ந்தவர் நீட்டுவது பெரும்பாடு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்தவர், வேகப்பந்து வீசப் போய் முழங்கால் அடிபட்டு, அதன் பிறகு சுழலுக்கு மாறியவர். முதல்தர ஆட்டம் ஒன்றே ஒன்றுதான் ஆடியிருக்கிறார். பேட்ஸ்மேன் அவர் விரலைப் படிப்பதற்குள் நான்கு ஓவர் முடிந்துவிடும். பலமே அதுதான். 33 வயதில் ஒருநாள் அறிமுகமாகி, 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டத்தில் ஒன்பது விக்கெட் எடுத்தார். இவரை நாள் முழுக்கப் பந்து போடச் சொல்வது அந்த வித்தையை வீணாக்குவது. லக்ஷ்மிபதி பாலாஜியும் நினைவுக்கு வருகிறார். டெஸ்ட் வேகப்பந்து வீச்சாளராக இருந்தவர், முதுகெலும்பு முறிவில் ஆண்டுக்கணக்கில் முடங்கினார். மீண்டு வந்து 2008-இல் சேப்பாக்கத்தில் எடுத்ததுதான் ஐபிஎல் வரலாற்றின் முதல் ஹாட்ரிக். அவருக்குக் குட்டி ஆட்டம் மறுவாழ்வு.

காசைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசுவது அந்தப் பையன்களுக்குச் செய்யும் அநியாயம். இருபது ஆட்டத்துக்குள் ஆடிய ரஞ்சி வீரருக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். நான்கு நாள் ஆட்டத்துக்கு 1.6 லட்சம். ஐபிஎல் ஏலத்தில் மிகக் குறைந்த அடிப்படை விலையே 30 லட்சம். சிவகிரி, ராயகிரிப் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பையனிடம் 'பொறுமையாக நான்கு நாள் ஆட்டம் பழகு' என்று சொல்பவர், அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வழி என்ன என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

யோசித்த பிறகும் பதினாறு, பதினேழு வயதில் ஒருவனைக் கடைசி ஓவருக்கென்று ஒதுக்கி வைப்பது சரியில்லை. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான விஜய் மெர்ச்சன்ட் கோப்பை மூன்று நாள் ஆட்டம், பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான கூச் பெஹார் கோப்பை நான்கு நாள் ஆட்டம். மாநில அணிக்குள் நுழையும் இந்த வாசல்களில் பன்னிரண்டு பந்து மட்டும் போடத் தெரிந்தவனுக்கு வேலை இல்லை.

குறைவாகப் போட்டால் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையையும் சரிபார்க்க வேண்டும். ஒரே ஞாயிற்றுக்கிழமை நான்கு மேட்ச், ஒவ்வொன்றிலும் இரண்டு ஓவர், இடையில் ஒரு மணி நேரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து உடம்பு ஆறிப்போய் மறுபடி முழு வேகம். வளரும் பையனின் இடுப்பெலும்புக்கு மேலே முதுகு இன்னும் இறுகியிருக்காது. வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்கு எலும்பில் கீறல் விழும் இடம் அதுதான். அமெரிக்காவில் 17, 18 வயதுப் பையன் ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று வழிகாட்டு விதி போட்டு, எறிந்த எண்ணிக்கைக்குத் தக்க ஓய்வு நாளும் குறித்திருக்கிறார்கள். நம் ஊர் டோர்னமென்ட்டில் ரன்னுக்கு ஸ்கோர் நோட்டு இருக்கிறது. ஒரு பையன் அந்த வாரம் மொத்தம் எத்தனை பந்து போட்டான் என்று எழுதி வைக்க ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும், காசு செலவே இல்லை. நாலு ஓவர் வாரத்திலிருந்து நாற்பது ஓவர் வாரத்துக்கு ஒரேயடியாகத் தாவுவதுதான் ஆளைச் சாய்க்கும்.

இருபது, இருபத்தொரு வயது வரை புதுப் பந்தையும் பழைய பந்தையும் அவன் கையில் கொடுத்துப் பார்க்கலாம். ஆறாவது ஓவரிலும் வேகம் நிற்கிறதா, யார்க்கரும் ஸ்லோ பாலும் தவிர நல்ல லெங்த்தில் விழுந்து வெளியே போகும் பந்து ஒன்று இருக்கிறதா, மறுநாள் காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறானா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். வருணைப் போல ஒரு வித்தை மட்டும்தான் என்றால் அதையே கூர்தீட்டட்டும். முடிவை அவனே எடுக்கட்டும்.

நடராஜன் தன் ஊரில் கட்டிய கிரிக்கெட் மைதானம் 2023-இல் திறக்கப்பட்டது. எல்லா ஊருக்கும் அப்படி வாய்க்காது. ராயகிரியில் தொடங்க ஒரு ஸ்டிச் பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும். டாஸ் முடிந்ததும் கேப்டன் முதல் ஓவரை அந்தப் பையனிடமே கொடுக்கட்டும், ஐந்து ஓவர் தொடர்ந்து போடச் சொல்லட்டும். மூன்றாவது ஓவரில் மூச்சு வாங்கும், ஒரு நோ பால் விழும். நாலாவது ஓவரில் எதிரே நிற்பவர் அவனுடைய ஸ்லோ பாலை இரண்டாம் தடவை பார்ப்பார், காத்திருந்து தூக்கி அடிப்பார். பந்து வேலியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அதை வாங்கித் துடைத்துக்கொண்டு அவன் அடுத்து என்ன போடுகிறான் என்பதைக் கேப்டன் மிட்-ஆஃபில் நின்று பார்க்க வேண்டும்.