பனிச்சிறுத்தையும் நிழற்படக் கருவியும்

இமயத்தின் மழைமறைவிலே, ஏறக்குறைய 3,500 மீற்றர் உயரத்தில் உள்ளது லே நகரம். ஆண்டுக்கு 100 மில்லிமீற்றர் அளவே மழை பெறும் இலடாக்கு, மலையே பாலையாகிய நிலம். பனிக்காலத்தில், நிழற்படம் பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் இங்கு வருவர். அவர்கள் நாடுவது பனிச்சிறுத்தை. பாறையோடு பாறையாய்க் கிடக்கும் அதனை ஊரார் துணையின்றிக் காண்டல் அரிது. பட்டியிற் புகுந்து ஆடுகளைக் கொல்லும் அதனை முன்னர்ப் பகையெனக் கொன்றோர் உளர். இன்றோ, வருவோர்க்கு உறைவிடமளித்தும் வழிகாட்டியும் பொருளீட்டும் ஊரார் பலர் அதனைக் காக்க விழைகின்றனர். 2024 இல் வெளிவந்த கணிப்பின்படி, இந்தியாவிலுள்ள 718 பனிச்சிறுத்தைகளுள் 477 இலடாக்கினவே. ஆயினும், படத்தின்பொருட்டு நெருங்கிச்சென்று, பசித்த விலங்கை அதன் இரையினின்றும் வெருட்டுதல் அறமாகுமா? தொலைவில் நின்று காத்திருத்தலே முறை. அன்று படம் கிட்டாதாயினும் அவ்விலங்கு உண்டு உயிர்வாழும் அன்றோ!