சுவரில் பூக்கும் பூசணம்

நீலகிரியில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. மழை ஓய்ந்த ஒரு நாளில் பீரோவைச் சற்று நகர்த்துகிறீர்கள். பின்புறச் சுவர் முழுவதும் கரும்பச்சைப் புள்ளிகள். கட்டிலடியில் கிடந்த தோல் செருப்பிலும் சாம்பல் பூத்திருக்கிறது. சலவைத்தூளைக் கரைத்துத் துடைக்கிறீர்கள், சுவர் வெளுக்கிறது. அடுத்த மாதம் அதே இடத்தில் அதே புள்ளிகள்! மருந்தின் வீரியம் போதவில்லையா? அதுவன்று காரணம்.

பூசணத்தின் தேவை

பூசணம் பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. அதற்குப் பச்சையம் இல்லை; எனவே தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளாது. சுவர்ப்பூச்சிலுள்ள பசை, தூசி, மரம், காகிதம், தோல் ஆகியவற்றைத் தின்று வளர்கிறது. அதன் நுண்ணிய வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. அவற்றை அடியோடு ஒழிக்க இயலாது. ஆனால் ஈரமின்றி அவை முளைக்கமாட்டா.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வோர் இதை நன்கு அறிவர். 1946-இல் தென்னிந்தியத் தோட்டங்களில் தோன்றிய கொப்புள நோயும் ஒரு பூஞ்சையால் வருவதே. இலை காயாத மூடுபனி நாட்களில் அது பரவும். நல்ல வெயில் அடித்தால் அடங்கும். இலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை சுவருக்கும் பொருந்தும்.

ஈரம் வரும் வழி

மழை ஒழுகாத சுவரில் ஈரம் எப்படி வந்தது? குளிர்ந்த நீர் ஊற்றிய எவர்சில்வர் தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரிலும் அதுவே நிகழ்கிறது.

18 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 15 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 12 பாகையில் 11 கிராமுக்கும் சற்றுக் குறைவு. உங்கள் அறையின் வெப்பநிலை 18 பாகை. ஒரு கன மீட்டருக்கு 12 கிராம் நீராவி இருக்கிறது என்று கொள்வோம். அறை நடுவே ஈரம் தெரியாது. ஆனால் வெளிச்சுவர் 12 பாகைக்குக் குளிர்ந்திருந்தால் அதைத் தொடும் காற்று மிகுதி நீராவியைச் சுவரிலேயே விட்டுவிடும். பீரோவுக்குப் பின்னால் அறையின் வெதுவெதுப்பு எட்டுவதில்லை. ஆகவே அங்குதான் சுவர் அதிகம் குளிர்கிறது.

கண்ணுக்குத் தெரியும்படி நீர் முத்துக்கள் அரும்பவேண்டும் என்பதுமில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தாலே பூசணம் வளரும். மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அறையின் காற்று, 18 பாகையில் அரை லிட்டர் நீரைக்கூட ஆவியாகத் தாங்காது. அதில் ஈரச் சேலை ஒன்றைக் காயப்போட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஒரு சோதனை

ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் முன்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது. உட்புறம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளேயே ஓதம் இருக்கிறது. முதலில் கசிவைத் தேடி அடைக்க வேண்டும்.

துடைக்கும் முறை

உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள். வித்துகள் அறையெங்கும் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத் திணறலை வரவழைக்கலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, ஈரத் துணியால் அழுத்தித் துடையுங்கள். செத்த பூசணமும் ஒவ்வாமை தரும். ஆகையால் கொன்றால் போதாது, அகற்ற வேண்டும்.

ஓடு, கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்புகளில் குளோரின் சலவை நீர் நன்கு பயன்படும். கடையில் விற்கும் திரவத்தின் ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு தண்ணீர் சேர்க்கலாம். நுண்துளையுள்ள சுவரில் அது மேற்பரப்பின் நிறத்தைப் போக்கும். உள்ளே ஓடிய இழைகள் தப்பிவிடலாம். நீலகிரித் தைலம் நாற்றத்தை மறைக்கும். சுவரின் ஈரத்தை அகற்றாது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த நம் பெரியவர்களின் வழக்கத்தில் பொருள் உண்டு. புதுச் சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பூசணம் பிழைப்பது அரிது. காற்றின் கரியமில வாயுவால் அக்காரம் நாளடைவில் குறைவதால் மீண்டும் அடிக்கவேண்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை

“இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புப் பலன்” என்று எண்ணிவிடாதீர்கள். சலவைத்தூளுடனோ சலவை நீருடனோ கழிப்பறை அமிலத்தையோ வினிகரையோ கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்றது இதே வாயுதான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. சன்னல் இல்லாத குளியலறையில் தரையோடு தேங்கி நிற்கும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவமும் சலவை நீருடன் சேர்ந்தால் நச்சு வாயுவைத் தரும். ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றொன்று வேண்டாம். கதவு திறந்தே இருக்கட்டும்.

நிலையான மருந்து

பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சமைக்கும்போது நீராவி வெளியேற வழி செய்யுங்கள். வெயில் தலைகாட்டும் நேரத்தில் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்பு வைப்பது கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உறங்குவோரின் உயிரைக் குடிக்கும். புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் அடுப்பிலும் அந்த ஆபத்து உண்டு. மேலும், ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக அறையில் சேரும். சூடு வரும், கூடவே ஈரமும் வரும்!

சலவைத்தூள் நேற்று முளைத்த பூசணத்தைத்தான் போக்கும். நாளை முளைக்க இருப்பதைத் தடுக்க வேண்டுமானால் சுவரை உலர வையுங்கள்.