வெட்டிய மதிப்புரை மேற்கோள்

வெட்டிய மதிப்புரை மேற்கோள் என்பது, ஒரு நூலின் மதிப்புரையிலிருந்து பாராட்டுச் சொற்களை மட்டும் பிரித்தெடுத்து, மதிப்புரையாளர் கருதாத பொருள் தோன்றும்படி அட்டையிலோ விளம்பரத்திலோ அச்சிடுவதாகும். "பலகைப் படங்கள் மிகச் சிறப்பு, பகுப்பாய்வில் பிழைகள் மலிந்துள்ளன" என ஒருவர் எழுதியதாகக் கொள்வோம். பின்னட்டையில் "மிகச் சிறப்பு" என்பது மட்டும் இடம்பெறும். சொல் பொய்யன்று; பொருளே பொய்.

சதுரங்க நூல்களில் இதன் தீங்கு மிகுதி. தொடக்க ஆட்ட நூலொன்றிலுள்ள நகர்த்தல் வரிசைகள் சரியானவையா என்று வாங்கும் மாணவர் தாமே சோதித்தறிய இயலாது. அதை அறியவே அவர் நூலை நாடுகிறார். எனவே அட்டையிலுள்ள கிராண்ட்மாஸ்டரின் பெயரை நம்புகிறார். முந்தைய பதிப்புக்குக் கிடைத்த பாராட்டைப் புதிய பதிப்பில் இடுவதும், ஆசிரியரின் ஆட்டத்திறனைப் புகழ்ந்த சொற்களை நூலுக்குரியனவாகக் காட்டுவதும் இதன் வேறு வடிவங்கள்.

தமிழ் மரபில் நூலைப் பிறர் புகழ்ந்துரைக்கும் இடம் சிறப்புப்பாயிரம். ஆசிரியரின் ஆசான், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோர் அதனைச் செய்தற்குரியர் என்கிறது பவணந்தி முனிவரின் நன்னூல். நால்வருமே வேண்டியவர்கள்தாம்! எனினும் அவ்வுறவு மறைக்கப்படுவதில்லை. பாடலும் முழுமையாகவே நூலில் நிற்கும்.

இந்தியாவில் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம்.