காவிரிக்கரைக் கலைஞர்கள் – 9: கேட்கத் தெரிந்த கலைஞன்

சென்ற வாரம் ஸ்ரீரங்கம் கோயிலின் அர்ஜுன மண்டபத்தில் நின்றோம். மார்கழிப் பகல் பத்தில் குல்லாயும் தாளமுமாக வரும் அரையர், முத்துக்குறியில் தாயாகவும், காதலில் தவிக்கும் மகளாகவும், குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் ஒருவரே மாறி மாறி நிற்பதைப் பார்த்தோம். இந்த வாரம் காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்குள் வந்து, அங்கிருந்து திண்டுக்கல் சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போகிறோம். அங்கே மேடை வேறு, கூட்டம் வேறு, நோக்கமும் வேறு. பக்தியில் பிறந்த சேவைக்கும் கல்லூரி விழாவின் பல குரல் நிகழ்ச்சிக்கும் குரு சிஷ்ய உறவு எதுவும் கிடையாது. ஆனால் ஓர் ஆள் தன்னை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொருவராக நிற்கும் வித்தை, இந்த ஆற்றின் இரண்டு கரைக்கும் தெரிந்த வித்தை.

அந்தக் கல்லூரியில் படித்த நடிகர் சிவகார்த்திகேயனைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘டி.வி.யிலிருந்து வந்து ஜெயித்தவர்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்லும்போது, அந்த டி.வி. ஆண்டுகளில் அவர் என்ன கற்றுக்கொண்டார் என்பதைக் கேட்காமலே தாண்டிப் போய்விடுகிறோம். அவர் கற்றது கேட்பதை. எதிரே இருப்பவர் பேசுவதை முழுசாகக் காதில் வாங்குவதை. அவருடைய சிரிப்புக்கும், பிற்பாடு அவர் ஏற்ற கனமான பாத்திரங்களுக்கும் அடித்தளம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

சீருடை போட்ட அப்பா

1985 பிப்ரவரி 17 அன்று சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரியில் பிறந்தவர் சிவகார்த்திகேயன். அப்பா தாஸ் சிறைத்துறை அதிகாரி. கண்காணிப்பாளர் வரை உயர்ந்தவர். அந்தத் துறையில் மாற்றல் சகஜம். ஆனாலும் பிள்ளையின் பள்ளிக்கூடம் திருச்சி காம்பியன் ஆங்கிலோ இந்தியன் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி திருச்சி ஜே.ஜே. பொறியியல் கல்லூரி என்று அமைந்தது. அதனால்தான் பிறந்தது வேறு மாவட்டமாக இருந்தாலும், அவரைத் ‘திருச்சிப் பையன்’ என்று இந்த ஊர் உரிமையோடு சொல்கிறது.

கல்லூரியில் சேர்ந்த காலத்தில் அப்பா இறந்துபோனார். பதின்ம வயதில் ஒரு பையனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. 2024 நவம்பரில் கோவாவில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் குஷ்புவுடன் மேடையில் உரையாடியபோது, அப்பாவின் மறைவுக்குப் பிறகு மன அழுத்தத்தின் விளிம்புக்குப் போனதையும், வேலையும் கைத்தட்டலும்தான் தன்னை மீட்டெடுத்த மருந்து என்பதையும் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

துக்கத்தில் இருக்கிற ஒரு பிள்ளை மேடையேறி அடுத்தவர் குரலில் பேசுகிறான். கூட்டம் சிரிக்கிறது. அந்த ஐந்து நிமிடத்துக்கு அவன் அப்பாவை இழந்தவன் இல்லை. நடிப்பு ஒருவனைக் காப்பாற்றும் என்பது வெறும் பேச்சு அல்ல.

பல குரல் என்றால் தொண்டை வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது காதின் வேலை. எம்.ஆர். ராதாவை எடுத்துக்கொள்வோம். கரகரவென்று போகும் குரல் திடீரென்று மெலிந்து உச்சிக்குத் தாவும், அடுத்த சொல்லில் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். கற்றுக்குட்டி அந்தக் கரகரப்பை மட்டும் பிடிப்பார். தேர்ந்தவர் அந்தத் தாவல் எந்தச் சொல்லில் நிகழ்கிறது, அதற்கு முன் ராதா எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த எழுத்தை விழுங்குகிறார் என்று கவனிப்பார். மூச்சைப் பிடித்துவிட்டால் குரல் தானாக வந்து உட்காரும். தமிழ்நாட்டுக் கல்லூரி விழாக்களில் பத்து நடிகர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பேசவைக்கும் பையன்கள், தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கவனிப்பைத்தான் பழகுகிறார்கள்.

சிரிச்சா போச்சு

விஜய் டி.வி.யின் ‘கலக்கப்போவது யாரு’ மேடைக்கு நண்பர்களின் வற்புறுத்தலால்தான் அவர் போனார். போட்டியில் வென்றார். பிறகு ‘ஜோடி நம்பர் ஒன்’, ‘பாய்ஸ் Vs கேர்ள்ஸ்’ என்று சில நிகழ்ச்சிகள். அதன்பின் வந்தது அவர் தொகுத்து வழங்கிய ‘அது இது எது’. தமிழ் வீடுகளில் அவர் பெயர் நிலைத்தது அந்த நிகழ்ச்சியில்தான்.

அந்த நிகழ்ச்சியின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மூன்று சுற்று. ‘குரூப்ல டூப்’பில், வந்து நிற்கும் ஆட்களில் யார் அசல், யார் நகல் என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘சிரிச்சா போச்சு’வில், எதிரே நகைச்சுவைக் கலைஞர்கள் என்ன கூத்து அடித்தாலும் விருந்தினர் சிரிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ‘மாத்தி யோசி’யில், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத பதிலைச் சட்டென்று சொல்ல வேண்டும். சரியான பதிலைச் சொல்லிவிட்டால் ஆட்டம் காலி.

இந்த மூன்றிலும் தொகுப்பாளருக்குப் பெரிய வசனம் எதுவும் எழுதி வைத்திருக்க முடியாது. விருந்தினர் வாயிலிருந்து வருவதைத்தான் அவர் பிடிக்க வேண்டும். மாத்தி யோசியில் ஒருவர் ஏதோ ஒரு சொல்லை உளறிவிடுவார். அதே சொல்லை எடுத்து அடுத்த கேள்வியாக்கி அவரிடமே திருப்பிவிடுவார் சிவா. பதில் சொல்பவர் தடுமாறுவார், அரங்கம் சிரிக்கும், பெயர் விருந்தினருக்குப் போகும். தனக்கு வரவேண்டிய கைத்தட்டலை எதிராளிக்குத் தள்ளிக் கொடுப்பது மேடைக் கலையில் கடினமான பாடம். வாரா வாரம் கேமரா முன் அதைப் படித்தார் அவர். டென்னிஸ் வீரர் சுவரில் பந்தடித்துப் பழகுவதுபோல, இடைவிடாமல், எந்த வேகத்தில் வந்தாலும் திருப்பி அனுப்பும் பழக்கம் அங்கே கைவந்தது.

அமெரிக்காவில் டி.வி. நகைச்சுவையிலிருந்து சினிமாவுக்குப் போகும் பாதை பல பத்தாண்டுப் பழசு. 1975-ல் நியூயார்க்கில் தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் எடி மர்ஃபி 1980-ல் சேர்ந்தபோது அவருக்கு வயது 19. மேடையில் தனியாக நின்று சிரிக்கவைத்த ராபின் வில்லியம்ஸ், 1978-ல் ‘மார்க் அண்ட் மிண்டி’ தொலைக்காட்சித் தொடரில் வேற்றுக்கிரகவாசியாக வந்து வீடுதோறும் புகுந்தார். பிற்பாடு ஆஸ்கர் வாங்கியது ‘குட் வில் ஹன்டிங்’ படத்தில் ஒரு மனநல ஆலோசகராக, எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞனைப் பொறுமையாகக் கேட்பவராக நடித்ததற்கு. சிரிக்கவைப்பவருக்கு அழவைக்கவும் தெரியும் என்று அந்த ஊர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. நம் ஊரில் ‘லொள்ளு சபா’ சந்தானத்துக்குப் பிறகுதான் அந்தக் கதவு திறக்க ஆரம்பித்தது. அதை நாயகன் அளவுக்கு அகலமாகத் திறந்தவர் சிவகார்த்திகேயன்.

திருச்சி திரையில் வந்தபோது

2012 பிப்ரவரியில் பாண்டிராஜ் இயக்கத்தில் ‘மெரினா’. அதே ஆண்டில் ‘3’, ‘மனம் கொத்திப் பறவை’. 2013-ல் ‘கேடி பில்லா கில்லாடி ரங்கா’, ‘எதிர்நீச்சல்’, ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ என்று ஒரே ஆண்டில் மூன்று.

இவற்றில் நமக்கு நெருக்கமானது ‘கேடி பில்லா கில்லாடி ரங்கா’. கதை நடப்பது திருச்சியில். வேலைவெட்டி இல்லாமல் கவுன்சிலர் கனவோடு திரியும் இரண்டு இளைஞர்கள், அவர்களைப் பெற்றுவிட்டு உள்ளுக்குள் உருகும் அப்பாக்கள். விமலும் சிவாவும் பேசும்போது சத்திரம் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் பேசுவதுபோலவே இருந்தது. மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் சினிமாவில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அதிக வளைவு நெளிவு இல்லாத நம் ஊர்ப் பேச்சுக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்தது. இந்த ஊரில் அப்பாவை இழந்த ஒருவர், இந்த ஊரையும் அப்பாக்களையும் பற்றிய படத்தில் நடித்தார் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள்.

கேட்கும் நாயகன்

நடுவில் வந்த படங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஓடியவையும் உண்டு, ஓடாதவையும் உண்டு. என் வாதத்துக்கு மூன்று படங்கள் போதும்.

முதலாவது, 2021 அக்டோபரில் வந்த நெல்சனின் ‘டாக்டர்’. நெல்சனும் விஜய் டி.வி.யில் தொழில் பழகியவர். நகைச்சுவையால் பெயர் வாங்கிய நாயகன் இந்தப் படத்தில் சிரிப்பதே இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் நிற்கிறார். யோகி பாபுவும் ரெடின் கிங்ஸ்லியும் அவரைச் சுற்றிச் சிரிப்பை அள்ளிக்கொண்டு போகிறார்கள். ‘சிரிச்சா போச்சு’வில் விருந்தினருக்கு வைத்த விதியைத் தனக்கே வைத்துக்கொண்டு படம் முழுக்க நின்றிருக்கிறார்.

இரண்டாவது, மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’, 2023. பயந்த சுபாவமுள்ள ஓவியன் சத்யாவுக்கு மேலேயிருந்து ஒரு குரல் கேட்க ஆரம்பிக்கிறது. விஜய் சேதுபதியின் குரல். சத்யா அண்ணாந்து பார்க்கிறான், அந்தக் குரல் சொன்னதைக் கேட்டு மிரள்கிறான், வாக்கியம் முடிவதற்குள் ஓடப்பார்க்கிறான். படப்பிடிப்புத் தளத்தில் எதிரே நடிக்க ஆள் இல்லாத காட்சிகள் அவை. காதில் விழும் ஒவ்வொரு சொல்லும் முகத்தில் வந்து போக வேண்டும். பல குரல் கலைஞனின் காது இல்லாத ஒருவர் இந்தப் பாத்திரத்தில் தோற்றிருப்பார்.

மூன்றாவது, 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’. ராஜ்குமார் பெரியசாமியின் படம். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் வீரமரணம் அடைந்து, அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை. உண்மையாக வாழ்ந்த ஒருவரை நடிப்பதென்றால், நகல் எடுக்கத் தெரிந்தவருக்கு நகல் எடுக்கத்தான் கை பரபரக்கும். அதை அவர் செய்யவில்லை. தோளை நிமிர்த்தி, பேச்சைக் குறைத்து, முகுந்தின் மனைவி இந்துவாக வரும் சாய் பல்லவி பேசும் இடங்களில் அவரைப் பார்த்தபடி நின்றார். படத்தின் கனம் இந்துவின் துயரத்தில் இருக்கிறது என்று தெரிந்து இடம் விட்டார். சீருடைக்காரர் வீட்டில் வளர்ந்தவருக்குச் சீருடை எப்படி உடம்பில் உட்காரும் என்பதைச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

கூட வந்தவர்கள்

தான் வந்த வழியை அவர் மறக்கவில்லை என்பதற்கு அவர் தயாரித்த படங்களே சாட்சி. முதல் தயாரிப்பான ‘கனா’வை, 2018-ல், தன் கல்லூரித் தோழர் அருண்ராஜா காமராஜுக்குக் கொடுத்தார். திருச்சிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் இருக்கும் குளித்தலையின் விவசாயி மகள் இந்திய கிரிக்கெட் அணிக்குள் போகும் கதை. அடுத்து, ‘நெஞ்சமுண்டு நேர்மையுண்டு ஓடு ராஜா’வில் டி.வி. தொகுப்பாளர் ரியோ ராஜை நாயகனாக்கினார். பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ அவர் தயாரிப்பில் உருவாகி பெர்லின் விழா வரை போனது. ‘கோலமாவு கோகிலா’வில் முதன்முதலாகப் பாட்டெழுதியபோது, அதற்கான சம்பளத்தை மறைந்த கவிஞர் நா. முத்துக்குமாரின் குடும்பத்துக்குக் கொடுத்தார்.

இதையெல்லாம் எழுதுவது ஒரு நடிகரைப் புகழ்வதற்காக அல்ல. ஒரு காலத்தில் நடிகர்களை உருவாக்கப் பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. பின்னால் சபா நாடகங்கள் வந்தன. அவை மெலிந்தபோது டி.வி. மேடை அந்த வேலையைச் செய்தது. அறந்தாங்கி நிஷா போன்ற ஒரு பெண் கலைஞரை நமக்குக் காட்டியதும் ‘கலக்கப்போவது யாரு’தான். இன்று அந்த இடத்துக்குக் கைப்பேசித் திரையின் முப்பது விநாடிக் காணொளிகள் வந்துவிட்டன. அதில் திறமை இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. எதிரே ஆள் இல்லை. சிரிக்காத கூட்டத்தைச் சமாளிக்கவும், அடுத்தவர் முடிக்கும்வரை காத்திருக்கவும் அது கற்றுத்தராது.

அதைக் கற்றுத்தரும் இடம் கல்லூரி மேடைதான். திருச்சியில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் விழா என்றாலே ஒலிபெருக்கி அலறும் நடனமும் சினிமா விருந்தினரும் என்று ஆகிவிட்ட இந்த நாளில், பல குரலுக்கும் நாடகத்துக்கும் கிடைக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கல்லூரி முதல்வர்களுக்கும் மாணவர் மன்றங்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. இந்த ஆண்டு விழாவில் அரை மணி நேரத்தை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள். கூச்சப்படும் பிள்ளைகளையும், வீட்டுத் துயரத்தை வெளியே சொல்லாத பிள்ளைகளையும் கூப்பிட்டு மேடையேற்றுங்கள். அவர்களில் எல்லோரும் நட்சத்திரம் ஆக மாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. இன்னொரு மனிதனைக் கவனித்துக் கேட்கப் பழகிய பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் நல்ல மனிதராக இருப்பார். அதற்கே அந்த அரை மணி நேரம் தகும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: ரயில்வே அதிகாரியாக இருந்துகொண்டே திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கி, எம்.கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றிய எஃப்.ஜி. நடேச ஐயர்.